பச்சைக் கம்பி

நெட்டைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் சட்டங்களும் விளக்குகளும் பளபளக்கும். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவனும், லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரமும். மயிரிழை கூடினால் லென்ஸ் சட்டத்துக்குள் உட்காராது. மயிரிழை குறைந்தால் கழன்று விழும். பதினான்கு வருஷமாக அந்த மயிரிழையில்தான் அவன் பிழைப்பு. ஆறடியைத் தாண்டிய உயரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் கடை முதலாளி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லாத ஒரே ஆள் அவன் மனைவி. அவள் எந்தப் பெயரும் சொல்வதில்லை, "இங்க பாருங்க" என்பதோடு சரி. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி குத்தியதே தெரியாது என்று ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அவர்கள் இருவர், மாமியார், மச்சினன் என்று நான்கு பேர். மச்சினன் நாலு வயது வரை வாயே திறக்கவில்லையாம், அதனால் வீட்டில் ஊமை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பேச ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. பாடவும் ஆரம்பித்தான். தண்ணீர் கேன் போடும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனை அந்த வட்டாரத்தில் குரலை வைத்தே தெரியும். மாடிப்படி ஏறும்போதே பாடிக்கொண்டு ஏறுவான்.

நெட்டை கிதார், ஊமை பாட்டு, பக்கத்துத் தெருத் தச்சன் ஒருவன் டிரம்ஸ். அவனுக்கு டமாரம் என்று பெயர் வைத்தது ஊமைதான். வாரக் கடைசியில் யாராவது கூப்பிட்டால் போவார்கள். பிறந்தநாள், பள்ளி விழா, கம்பெனிக் கூட்டம். பெரிய பேர் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு தடவை கூப்பிட்டவர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

கிதாரின் சத்தத்தைப் பெருக்க நெட்டையிடம் ஒரு டிஜிட்டல் ஆம்ப் இருந்தது. முப்பது வகைப் பழைய ஆம்ப்புகளின் குரலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, குமிழைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாகப் பேசிக் காட்டும் ரகம். அதற்கு மேல் அந்த வருஷம் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலும் வாங்கினான். காலால் மிதித்தால் எதிரொலி, இன்னொன்றை மிதித்தால் கரகரப்பு, மூன்றாவதை மிதித்தால் ஒரு கிதார் பத்துக் கிதாராகும். அதற்கும் ஆம்ப்புகளைப் போலப் பேசத் தெரியும். இரண்டு மிமிக்ரிக்காரர்களை ஒரே மேடையில் ஏற்றினால் என்ன நடக்குமோ அதுதான் முதல் நாள் நடந்தது. பெடலை ஆம்பில் செருகியதும் தகர டப்பாவுக்குள் வண்டுகளை அடைத்த மாதிரி ஒரு சத்தம். ஒரே உறையில் இரண்டு கத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்துக் கற்றுக்கொண்டான். பெடலின் ஆம்ப் வேஷத்தை முதலில் அணைக்க வேண்டும். பிறகு நாலு கேபிள். கிதாரிலிருந்து பெடலுக்கு ஒன்று, பெடலிலிருந்து ஆம்பின் முகப்புக்கு ஒன்று, ஆம்பின் முதுகிலிருந்து திரும்பப் பெடலுக்கு ஒன்று, பெடலிலிருந்து மறுபடி ஆம்பின் முதுகுக்கு ஒன்று. "ஒரு சேதி சொல்ல நாலு தடவை ரோட்டைக் கடக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே ஊமை கேபிள்களை எடுத்துக் கொடுத்தான்.

செருகி முடித்துக் கம்பியைத் தட்டியபோது கிதார் அழகாகத்தான் பேசியது. ஆனால் அதற்கு அடியில், தட்டினாலும் தட்டாவிட்டாலும், 'ங்' என்று ஓர் இரைச்சல் நின்றுகொண்டிருந்தது.

"மாமா, இது நம்ம சுருதிக்குப் பக்கத்துலதான் இருக்கு" என்றான் ஊமை. "நான் இதுலயே பாடிடறேன்."

நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. மயிரிழையில் பிழைப்பவனுக்கு அந்த 'ங்' கண்ணில் விழுந்த தூசி. கேபிள்களை மாற்றினான், சாக்கெட்டை மாற்றினான், ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தான். எதற்கும் அசையவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. பெடலின் மின்பிளக்கிலும் எர்த் கம்பி இருக்கிறது, ஆம்பின் பிளக்கிலும் இருக்கிறது. நடுவில் இந்த நாலு கேபிள் வேறு. மண்ணுக்குப் போக இரண்டு வழி இருப்பதால் மின்சாரம் வட்டமடிக்கிறது, அந்த வட்டம்தான் இரைகிறது. கேபிளுக்கு நடுவே வைக்க இதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள் என்று வாத்தியக் கடைக்காரர் சொன்னார். கையிருப்பு இல்லை, வர மூன்று வாரம் ஆகும் என்றார். அடுத்த ஞாயிறே ஒரு நிகழ்ச்சி இருந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை நெட்டை ஆம்பின் பிளக்கைத் திறந்தான். உள்ளே மூன்று கம்பிகள், பச்சை எர்த்துக்கு. பச்சைக் கம்பியின் திருகைத் தளர்த்தி வெளியே எடுத்து, நுனியில் டேப் சுற்றி, ஓரமாக மடித்து வைத்து மூடினான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாட்டிப் போட்டதும் வீடு நிசப்தமாக இருந்தது. கிதாரைத் தட்டினால் அதன் குரல் மட்டும்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பி எதற்கு இருக்கிறது என்று கேட்டாள். அது ஒரு காவலுக்கு இருப்பது, பெடலில் இருக்கும் எர்த்தே கேபிள்கள் வழியாக ஆம்புக்கும் சேர்த்துக் காவல் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னான். அது பொய்யில்லை. பெடல் செருகியிருக்கும் வரை அது உண்மைதான்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்காரர் போன் செய்து பெட்டி வந்துவிட்டது என்றார். இந்த வாரம் வருகிறேன் என்று நெட்டை சொன்னான். அடுத்த வாரமும் சொன்னான். பிறகு அவரும் கூப்பிடவில்லை.

நாலைந்து மாதம் நன்றாகவே போயிற்று. மழைக்காலத்தில் ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது வண்டியின் தார்ப்பாய் காற்றில் விலகி ஆம்ப் நனைந்துவிட்டது. இரண்டு நாள் வெயிலில் வைத்து எடுத்தார்கள். போட்டுப் பார்த்தார்கள், பாடியது. உள்ளே ஈரம் எங்கேயோ ஓர் ஓரத்தில் பாதை போட்டிருந்தது. அந்தப் பாதையில் கசிந்த மின்சாரம் ஆம்பின் உடலுக்கு வந்து, கேபிள் வழியாகப் பெடலுக்குப் போய், பெடலின் எர்த் வழியாகச் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. பிற்பகல் மூன்று மணிக்கு மேடை. முன்னால் பேசியவர் நீட்டிக்கொண்டே போனதால் இவர்களுக்குச் சாமான்களை அமைக்கக் கிடைத்தது பதினைந்தே நிமிஷம். மண்டபத்து ஒயர்மேன் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், காதில் பென்சில் செருகியிருந்தார். மேடையின் வலது பக்கச் சாக்கெட்டைக் காட்டி, காலையில்தான் அளந்து பார்த்தேன், எர்த் நன்றாக இருக்கிறது, இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெட்டை நாலு கேபிளையும் செருகினான். கரகரவென்று சத்தம் வந்து வந்து அறுந்தது. நாலில் ஏதோ ஒன்று பழுது. எது என்று பார்க்க நேரமில்லை. விழா ஏற்பாட்டாளர் பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நெட்டை எல்லாவற்றையும் உருவினான். பெடலை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிதாரிலிருந்து ஒரே கேபிளை நேராக ஆம்பில் செருகினான். ஆம்புக்குத்தான் முப்பது குரல் தெரியுமே, இன்றைக்கு அது போதும் என்று நினைத்தான். உருவியது பெடலை மட்டுமில்லை என்பது அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவன் புத்திக்கு எட்டவில்லை.

முதல் பாட்டிலேயே இடது கை விரல் நுனிகளில் சுருசுருவென்று ஒன்று ஓடியது. எறும்பு கடிப்பது மாதிரி. வியர்வையாக இருக்கும் என்று பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். இரண்டாம் பாட்டிலும் இருந்தது. அவன் காலில் ரப்பர் செருப்பு, நின்றது மரப்பலகை மேடை. கடித்ததோடு விட்டுவிட்டது.

மூன்றாவது, ஊமை தானே எழுதிய பாட்டு. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் சுமப்பவனைப் பற்றியது. அதை மட்டும் அவனே கிதார் வாசித்துக்கொண்டு பாடுவான். கிதாரைக் கழற்றி அவன் தோளில் மாட்டும்போது, லேசாகக் கடிக்கிறது என்று சொல்ல நெட்டை வாயெடுத்தான். அதற்குள் ஊமை கூட்டத்தைப் பார்த்து, "இங்க லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். பாட்டு முடியட்டும் என்று நெட்டை இரண்டடி பின்னால் போய் நின்றான்.

ஊமை முதல் அடியைச் சற்றுத் தள்ளி நின்றே பாடினான். இரண்டாவது அடிக்கு மைக் கொஞ்சம் தாழ்ந்திருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். இடது கை கிதார்க் கம்பிகளின் மேல் இருக்க, வலது கையால் மைக்கைப் பிடித்து உயர்த்தினான். மைக் வழியாக மண்ணுக்குப் பாதை இருந்தது. கிதாரில் போக வழி தெரியாத மின்சாரம் இருந்தது. நடுவில் அவன்.

அவன் கத்தவில்லை. கூட்டத்தில் பலர் அதுவும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். மைக்கை விடாமல், தலை மட்டும் பின்னால் போய், அப்படியே மேடையில் சாய்ந்தான். டமாரம்தான் முதலில் புரிந்துகொண்டு பிளக்கைப் பிடுங்கினான். கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து ஊமையின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள்; ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவில்லை. நெட்டை அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் துணியை இழுத்து முகத்தை மூடினார்கள். இருபத்தாறு வயது.

மண்டபத்தைப் போலீஸ் அன்று மாலையே பார்த்தது. மின்சாரம் கசிந்தால் தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று மேடைக்கு உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுக் கம்பியை நேராக இணைத்திருந்தது. பழைய ஏ.சி. ஓடும்போதெல்லாம் அது அணைந்து அணைந்து தொல்லை கொடுத்ததால் அப்படிச் செய்யச் சொன்னதே மண்டபத்து முதலாளிதான் என்று ஒயர்மேன் சொன்னார். நான் ஏன் அப்படிச் சொல்லப்போகிறேன் என்று முதலாளி சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. ஒயர்மேனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி மூன்றே நாளில் மேடையின் மின்கம்பிகளை முழுக்கப் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். அடுத்த வாரம் அங்கே வேறு விழா இருந்தது.

ஆம்பைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே டமாரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் இறக்கியிருந்தான். மூன்றாம் நாள் பகலில் மின்துறை அதிகாரி போன் செய்து, அந்தக் கருவியையும் நாலு மணிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்.

வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் போயிருந்தார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் ஏதோ சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள். மாமியார் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெட்டை பிளக்கைத் திறந்தான். டேப்பைப் பிரித்தான். பச்சைக் கம்பியை அதன் இடத்தில் வைத்துத் திருகினான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவனுக்குப் பயமாக இருந்தது.

அதிகாரி ஆம்பைச் சோதித்து, உள்ளே கசிவு இருக்கிறது, ஆனால் எர்த் சரியாக இருக்கிறது என்று எழுதினார். ஆம்பின் எர்த் சரி என்றால் தப்பு மண்டபத்துச் சாக்கெட்டில்தான் இருந்திருக்க வேண்டும். அந்தச் சாக்கெட் இப்போது இல்லை. எல்லாம் ஒயர்மேன் தலையில் விடிந்தது.

மாமியார் ஐம்பத்தெட்டு வயதில் ஒரே மாதத்தில் கிழவியாகிவிட்டாள். காலையில் எழுந்ததும் ஒயர்மேனைத் திட்டுவாள். "அவன் கை விளங்காமப் போகணும். அவன் வீட்டுல விளக்கு எரியக் கூடாது" என்பாள். திட்டி முடித்துவிட்டு நெட்டைக்குக் காபி கொண்டுவந்து தருவாள். எனக்கு இனி மகனும் நீங்கள்தான் மாப்பிள்ளை என்று தலையைத் தடவுவாள். அவன் குனிந்து காபியைக் குடிப்பான். ஆம்ப் பற்றி மனைவி ஒரு தடவை கேட்டாள், அந்தக் கம்பியை முன்பே திரும்ப மாட்டியாகிவிட்டதா என்று. ஆகிவிட்டது என்றான். எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், ஒயர்மேன் கடைக்கு வந்தார். ஜாமீனில் வந்திருந்தார். முன்பக்கத்தில் இருந்த பெண், உங்களைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று நேராகப் பின்னறைக்கே அனுப்பிவிட்டாள். காதில் பென்சில் இல்லை. இளைத்திருந்தார். நெட்டை எழுந்து, ஒரே நாற்காலியை அவரிடம் தள்ளினான். அவர் உட்காரவில்லை.

"தம்பி, என் மேல தப்பில்லன்னு சொல்ல வரல" என்றார். "அந்த சுவிட்ச நேரா இணைச்சது நான்தான். முதலாளி சொன்னார், செஞ்சேன். இருவத்தெட்டு வருஷ சர்வீஸ்ல செய்யக் கூடாதுன்னு தெரியாதா எனக்கு? தெரியும். அது என் பாதி."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை அதை நிறுத்தவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். தேதி, நேரம், சாக்கெட், அளவு. மாதம் தவறாமல் அவர் கையால் எழுதியது. விழா அன்று காலை எட்டு நாற்பதுக்கு வலது பக்கச் சாக்கெட்டின் எர்த் அளவு எழுதியிருந்தது. இதை அப்புறம் எழுதிச் சேர்த்தேன் என்றுதான் வக்கீல்கூட நினைக்கிறார் என்றார். அந்த எர்த் நன்றாக இருந்து, ஆம்பிலும் எர்த் இருந்திருந்தால் கசிவு தரைக்குப் போயிருக்கும், பையன் மேல் ஏறியிருக்காது என்று நிதானமாக விளக்கினார். பிறகு நோட்டை மூடினார்.

"அன்னைக்கு உங்க ஆம்ப்ல எர்த் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. அதிகாரி பாத்து எழுதினாரே."

"அவர் பாத்தப்ப இருந்துச்சு. நான் அன்னைக்கு இருந்துச்சான்னு கேட்டேன்."

இயந்திரத்தில் இருந்த லென்ஸ் அளவு தாண்டித் தேய்ந்துகொண்டே போனது. அதை இருவருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல இருக்கறவ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றார் ஒயர்மேன். "கேக்காமலே தட்டுல சாப்பாட்ட வைக்கிறா. அதுதான் தம்பி தாங்கல." அவர் வேறெதுவும் கேட்கவில்லை, மிரட்டவில்லை. வெளியே போகும்போது அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார்.

நெட்டை அன்றைக்கு மூன்று லென்ஸைக் கெடுத்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நாலு மணிக்குக் கிளம்பினான். பஸ் ஏறாமல் நடந்தான். மறைத்துவிட முடியும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒயர்மேனிடம் இருப்பது ஒரு நோட்டு மட்டும்; சாக்கெட் இல்லை, சாட்சி இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்த நிச்சயம்தான் அவன் கழுத்தைப் பிடித்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருந்திருந்தால் ஓடிக்கொண்டாவது இருந்திருப்பான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியாரும் மனைவியும் முன்னறையில் உட்கார்ந்து ஊமையின் சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ போன் செய்து ஒயர்மேன் ஜாமீனில் வந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். மாமியார் ஆரம்பித்திருந்தாள்.

நெட்டை நின்றபடியே சொன்னான். "அத்தை, அவரத் திட்டாதீங்க. அது நான்."

முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. துக்கத்தில் பேசுகிறான் என்று மாமியார் எழுந்து வரப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஒன்று விடாமல் சொன்னான். பச்சைக் கம்பி, வாங்காமல் விட்ட பெட்டி, மழை, உருவிய பெடல். விரலில் கடித்ததையும் சொன்னான். சொல்ல வாயெடுத்தும் சொல்லாமல் கிதாரைத் தோளில் மாட்டிவிட்டதையும் சொன்னான்.

மனைவி மடியில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"திரும்ப மாட்டினது எப்போ?"

"மூணாம் நாள். நீ சர்டிபிகேட் வாங்கப் போயிருந்தப்ப."

"கழட்டினதுக்கு நான் அழுதுக்குவேங்க" என்றாள். குரல் உயரவில்லை. "தெரியாம செஞ்சீங்க, சோம்பேறித்தனமா இருந்தீங்க, சரி. திரும்ப மாட்டினீங்களே, அதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

மாமியார் அழவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள். திரும்பி வந்து வாசற்படியில் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்பது நாளா எவளோ பெத்த புள்ளையத் திட்டியிருக்கேன். காலைல திட்டிட்டு, அதே வாயால உங்களுக்குக் காபி ஆறிடும்னு சொல்லியிருக்கேன். கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே."

மறுநாள் காலை அவனே ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே இருந்தவர்களுக்கு அது பெரிய தொந்தரவாகத்தான் இருந்தது. முடித்து அனுப்பிய அறிக்கையை மறுபடி பிரிக்க வேண்டும். எழுதிக்கொண்ட காவலர், யாராவது மிரட்டினார்களா, காசு கொடுத்தார்களா என்று இரண்டு தடவை கேட்டார். ஆம்பின் பிளக்கைத் திறந்தபோது பச்சைக் கம்பியின் நுனியில் டேப்பின் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி அதை முதலிலேயே பார்த்திருக்கலாம், திறந்து பார்க்கவில்லை. வாத்தியக் கடைக்காரரும் வந்து, பெட்டி வாங்க வரச் சொல்லிப் போன் செய்ததைச் சொன்னார்.

அந்த வாரத்திலேயே மாமியாரும் மனைவியும் ஒயர்மேன் வீட்டைத் தேடிக்கொண்டு போனார்கள். அவனுக்கு அது டமாரம் சொல்லித்தான் தெரியும். வழி காட்டக் கூடப் போனவன் அவன்தான். கதவைத் திறந்த ஒயர்மேன் மனைவி, வந்தவள் யார் என்று தெரிந்ததும் சாத்தப் போனாளாம். மாமியார் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, உங்கள் வீட்டில் விளக்கு எரியக் கூடாது என்று ஐம்பது நாள் சொன்னேன், அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தேன் என்றாளாம். ஒயர்மேன் உள்ளேயிருந்து வந்து, அம்மா எழுந்திருங்கள், என் பாதி என்னுடையதுதான் என்றாராம். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள்.

வழக்கு எட்டு மாதம் நடந்தது. ஒயர்மேனுக்கு அபராதம், உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள். இனி அவர் ஒரு பல்புகூட மாட்டக் கூடாது. நெட்டைக்கு இரண்டு வருஷம். அலட்சியத்துக்கு ஒன்று, மறைத்ததற்கு ஒன்று. மண்டபத்து முதலாளி சாட்சியாக வந்து சொல்லிவிட்டு, தன் காரில் ஏறிப் போனார்.

மூன்றாவது மாதம்தான் மனைவி ஜெயிலுக்கு வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருப்பதாகச் சொன்னாள். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றாள். மகன் எப்படிப் போனான் என்று யாராவது கேட்டால் மின்சாரம் என்று மட்டும் சொல்கிறாள், யார் பெயரையும் சொல்வதில்லை என்றாள். அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். பரவாயில்லை என்றான். அவன் கையை நீட்டச் சொல்லி, விரல் நுனிகளைப் பார்த்தாள். ஜெயில் தோட்டத்து வேலையில் தோல் உரிந்திருந்தது. மருந்து பெயர் ஒன்றைச் சொன்னாள், கேட்டு வாங்கிப் போடச் சொன்னாள்.

நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வெளிய வந்தா எங்க போவீங்க?"

"தெரியல" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியல. இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கதவருகே வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வரிசை நகர்ந்து அவள் வெளியே போகும் வரை நெட்டை அங்கேயே நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடும் நோட்டில் மட்டும், உறவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மனைவி என்று எழுதிவிட்டுப் போனாள்.